யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம்: போட்டோகொப்பிக் கடையில் கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு போட்டோகொப்பிக் கடை நடத்துகிறேன். நானும் இதே கம்பஸில் கலைப்பீடத்தில் படித்தவன். புது மாணவர் பதிவு தொடங்கினால் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுத் தாள் என்று கட்டுக்கட்டாகப் பிரதி எடுக்க வருவார்கள். பிள்ளை வரிசையில் நிற்கும். தாயோ தகப்பனோ மெதுவாக என்னிடம் கேள்வியைத் தொடங்குவார்கள். வருடா வருடம் அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று: இந்தத் திருநெல்வேலியில் அல்வா கிடையாது. இது யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்தில், பெரிய மரக்கறிச் சந்தை உள்ள ஊர்.

அண்ணை, இது யாழ்ப்பாண ஆக்களுக்கான கம்பஸ்தானே?

இல்லை. பெயரும் நிலமும் யாழ்ப்பாணம், சேர்க்கை முழு இலங்கைக்கும். எந்த அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு யார் போவது என்பதைக் கொழும்பில் உள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுதான் தீர்மானிக்கிறது. பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான உயர்தரத்தின் பெறுபேறு வந்ததும் மாணவர் தங்கள் விருப்ப ஒழுங்கை எழுதி விண்ணப்பிப்பார்கள். ஆணைக்குழு இடம் ஒதுக்கும். சங்கீதம், நடனம் போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வைப்பதைத் தவிர, பல்கலைக்கழகம் தானாக ஆளைப் பொறுக்குவதில்லை. அதனால் பருத்தித்துறைப் பிள்ளையும் ஹட்டன் பிள்ளையும் மாத்தறைப் பிள்ளையும் ஒரே வரிசையில் என் கடைக்கு முன்னால் நிற்கும்.

எப்ப தொடங்கினது? பரமேஸ்வராக் கல்லூரி எண்டும் சொல்லீனம்?

சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் இன்றைய பிரதான வளாகம் இருக்கிறது. 1974-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் திறந்தார்கள். முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. விஞ்ஞானப் படிப்பு ஆரம்பத்தில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் நடந்து, பிறகு திருநெல்வேலிக்கு வந்தது. 1978-இல் மருத்துவ பீடம். 1979 ஜனவரியில் தனிப் பல்கலைக்கழகம்.

இப்ப ஆர் ஆர் படிக்கினம்?

பீடத்துக்குப் பீடம் வேறு. கலைப்பீடத்தில் தமிழ் பேசும் பிள்ளைகள்: வடக்கு, கிழக்கு, மலையகம், கொஞ்சம் புத்தளம், கொழும்பு. மருதனார்மடத்தில் உள்ள இராமநாதன் நுண்கலைப் பக்கம் போனால் மட்டக்களப்பு, திருகோணமலைக் குரல்கள் நன்றாகக் கேட்கும். கைதடியில் சித்த மருத்துவம். விஞ்ஞானம், முகாமைத்துவம், மருத்துவம், கிளிநொச்சியில் உள்ள பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் ஆகியவற்றில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்முகம் என்றால் எல்லாரும் இனத்தைத்தான் எண்ணுகிறார்கள். வாசலில் நின்று பார்த்தால் முதலில் தெரிவது பெண் பிள்ளைகளின் தொகை. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் இளமாணி (முதல் பட்டப்படிப்பு) மாணவரில் பெண்கள்தான் கூட. யாழ்ப்பாணக் கலைப்பீடத்தில் ஆண் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்ப இன்ஜினியரிங்கில, சயன்ஸில ஏன் இவ்வளவு சிங்களப் பிள்ளையள்? வேணுமெண்டு அனுப்புறாங்களோ?

இது பாதிச் சந்தேகமும் பாதிக் கோபமுமாக வரும் கேள்வி. கிளிநொச்சிப் பொறியியல் பீடத்தில் சிங்கள மாணவரே கூடுதலாக இருந்த அணிகள் உண்டு, உண்மை. ஆனால் அதற்கு ஒரு சாதாரணக் கணக்கு இருக்கிறது. பொறியியல் ஆங்கிலத்தில் நடப்பதால் மொழித் தடை இல்லை. எந்த மாவட்டத்தவரும் வரலாம். நல்ல புள்ளி எடுத்த பிள்ளை விருப்பப் பட்டியலில் மொறட்டுவையை முதலில் எழுதும், பிறகு பேராதனையை. யாழ்ப்பாணத்து நல்ல புள்ளிக்காரப் பிள்ளையும் அதையேதான் எழுதும். பிந்தித் தொடங்கிய யாழ்ப்பாணப் பொறியியல் பட்டியலில் கீழே வரும். கீழே வரும் இடத்தை நாடு முழுவதிலும் இருந்து வருபவர்கள் நிரப்புகிறார்கள். நாட்டில் சிங்களப் பிள்ளைகள் கூட, அதனால் அங்கேயும் கூட.

கோபப்படும் தகப்பன்மாரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் மகனுக்கு மொறட்டுவையும் யாழ்ப்பாணமும் கிடைத்தால் எதை எடுப்பீர்கள்? இதுவரை ஒருவரும் உடனே பதில் சொன்னதில்லை.

இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, கோட்டா: ஒண்டும் விளங்கேல்லை.

சரி, சுருக்கமாக. ஒரு பாடத்தில் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தின் சராசரியில் இருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே என்று கணக்கிட்டு, மூன்று பாடங்களுக்கும் சராசரி பார்ப்பது இசட் புள்ளி. கடினமான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவர் பாதிக்கப்படாமல் இருக்க 2001 பரீட்சையில் இருந்து இந்த முறை. ஒரு கற்கைநெறிக்குக் கடைசியாக எடுபட்டவரின் இசட் புள்ளிதான் வெட்டுப்புள்ளி.

இனி இடப் பங்கீடு. விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களுக்கு, சனத்தொகை விகிதப்படி. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா, பதுளை, மொனராகலை எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். கலைத்துறைக்கு மாவட்டக் கோட்டா இல்லை, திறமை மட்டும்தான். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவின் புள்ளியை வைத்து உங்கள் மகளின் இடத்தைக் கணிக்காதீர்கள் என்று சொல்வது. துறையும் மாவட்டமும் வேறு என்றால் கணக்கே வேறு.

எங்கட யாழ்ப்பாண மாவட்டத்துக்கு முந்தி நிறைய இடம் எண்டு அப்பா சொல்லுவார். ஏன் குறைஞ்சது?

இரண்டு கதை இதில் கலந்து கிடக்கிறது. ஒன்று 1970-களின் தரப்படுத்தல். அதற்கு முன் திறமைப் புள்ளி மட்டும் பார்த்தபோது மருத்துவம், பொறியியலில் தமிழ் மாணவர் தங்கள் சனத்தொகைப் பங்கைவிட மிகக் கூடுதலாக எடுபட்டார்கள். 1971-இல் மொழிவாரித் தரப்படுத்தல், அதாவது தமிழில் எழுதியவர் எடுபடக் கூடிய புள்ளி எடுக்க வேண்டும் என்ற முறை. பிறகு மாவட்டக் கோட்டா. யாழ்ப்பாண இளைஞருக்கு அது விழுத்திய அடியும், அதில் இருந்து கிளம்பிய அரசியலும் உங்கள் அப்பாவுக்குத் தெரியும். அதே கோட்டாவால் வன்னியிலும் மட்டக்களப்பிலும் இருந்த தமிழ்ப் பிள்ளைகள் முதல்முறையாக உள்ளே போனார்கள் என்பதை யாழ்ப்பாணத்தில் அவ்வளவாகப் பேசமாட்டோம்.

மற்றது சனம் குறைந்த கதை. 1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 7.4 இலட்சம் பேர். 2012-இல் சுமார் 5.8 இலட்சம். அதே காலத்தில் நாட்டின் சனத்தொகை 1.48 கோடியில் இருந்து 2 கோடிக்கு மேல் போய்விட்டது. நாட்டில் 5 வீதமாக இருந்த மாவட்டம் 3 வீதத்துக்கும் கீழே. கோட்டாவைப் பிரிப்பதே சனத்தொகையை வைத்துத்தான். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போன ஒவ்வொரு குடும்பமும் இங்கே ஒரு இடத்தின் துண்டையும் கொண்டுதான் போனது.

சிங்களப் பிள்ளையள் சண்டை முடிஞ்ச பிறகுதானே வரத் தொடங்கினவை?

இல்லை, திரும்பி வந்தார்கள் என்பதே சரி. 1974-இல் தொடங்கியபோதே சிங்கள மாணவர் இங்கே இருந்தார்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தோடு அவர்களைத் தெற்கே மாற்றினார்கள். அதன் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் இது நடைமுறையில் தமிழ்ப் பல்கலைக்கழகம். இன்று ஐம்பது வயதில் உள்ளவர்கள் படித்தது அந்தக் காலத்தில். அவர்கள் கண்டது அந்தக் கம்பஸைத்தான், அதனால் இப்போதைய கலப்பு புதிதாகத் தெரிகிறது. 2009-இல் போர் முடிந்த பிறகு திரும்ப வரத் தொடங்கினார்கள். 2014 ஒக்டோபரில் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதும் வந்து போவது லேசாயிற்று.

தம்பி, நாங்க காத்தான்குடி. எங்கட புள்ளைக்கு ஹலால் சாப்பாடு, தொழுகைக்கு இடம் எல்லாம் கெடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கம்பஸ் வாசலில் எதிர்பார்க்க வேண்டாம். யாழ் நகரில் ஐந்துசந்திப் பக்கம், சோனகதெருவில் பள்ளிவாசல்களும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. சைக்கிளில் போய்வரும் தூரம்தான். திருநெல்வேலியைச் சுற்றி உள்ளவை பெரும்பாலும் சைவக் கடைகள். ஒரு மாதத்துக்கு வடையும் இடியப்பமும் என்று சமாளிக்கும் பிள்ளை, இரண்டாம் மாதம் கூட்டாளிகளோடு சேர்ந்து சமைக்கத் தொடங்கிவிடும்.

அந்தத் தாய் கேட்காமல் கேட்ட கேள்வி வேறு. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்த முஸ்லிம் மக்கள் எல்லாரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குச் சாமான் எடுக்கவும் நேரம் கொடுக்கவில்லை. அந்த நினைவோடு பிள்ளையை இங்கே அனுப்புவது சின்ன விசயமில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990-களின் நடுவில் வந்த பிறகு கிழக்கு முஸ்லிம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் வீட்டுக்குக் கிட்ட. இருந்தும் இங்கே வருகிறார்கள், மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும்.

நாங்க நுவரெலியா பக்கம்ங்க. பொம்பளப் புள்ள. இம்புட்டு தூரம் அனுப்பலாமா?

அனுப்புங்கள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இளமாணிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வருமானத்தைப் பொறுத்து மகாபொல அல்லது பர்சரி என்ற உதவித்தொகை கிடைக்கும். அதை நம்பி மட்டும் மாதம் ஓடாது, கையில் கொஞ்சம் இருக்க வேண்டும். முதலாம் வருடத்துக்கு விடுதியில் இடம் கேளுங்கள், பதியும் நாளிலேயே கேளுங்கள். கிடைக்காவிட்டால் கொக்குவில், கோண்டாவில், கலட்டிப் பக்கம் வீட்டு அறைகள் உண்டு. அறை பார்க்கும்போது கிணற்றுத் தண்ணீரையும் குடித்துப் பாருங்கள். மலைநாட்டுத் தண்ணீர் குடித்த பிள்ளைக்கு எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் உடனே பிடிக்காது.

பகிடிவதையை (ராகிங்) பற்றியும் கேட்பார்கள். 1998-இன் 20-ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். இருந்தாலும் நடக்கிறது. பயந்து ஒளிக்காமல், பிள்ளையின் விரிவுரையாளர் அல்லது மாணவ ஆலோசகர் ஒருவரின் இலக்கத்தை முதல் வாரமே வாங்கி வையுங்கள். அதைவிட மெதுவாகச் சுடுவது, மலையகப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் சில யாழ்ப்பாணத்து வாய்கள். அதற்குச் சட்டம் கிடையாது. எங்கள் வீடுகளில் திருத்த வேண்டியது அது.

படிப்பு தமிழிலயோ இங்கிலீசிலயோ?

கலைப்பீடத்தில் பெரும்பாலும் தமிழ். மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல், முகாமைத்துவம் ஆங்கிலம். தமிழில் உயர்தரம் எழுதி வந்த பிள்ளைக்கும் சிங்களத்தில் எழுதி வந்த பிள்ளைக்கும் முதல் அரையாண்டு ஒரே அளவு கஷ்டம்.

2016-இல சிங்களப் பிள்ளையளுக்கு அடிச்ச கம்பஸ்தானே இது? எங்கட மகனுக்கும் அங்கதான் இடம் கிடைச்சிருக்கு, பயமா இருக்கு.

2016 ஜூலை 16 அன்று விஞ்ஞான பீடத்தில் புதுமுக மாணவர் வரவேற்பு. வரவேற்பு ஊர்வலத்தில் கண்டி நடனத்தையும் சேர்க்க வேண்டும் என்று சிங்கள மாணவர் கேட்டார்கள். வழக்கமான முறைப்படிதான் என்று மற்றத் தரப்பு மறுத்தது. வாய்த்தர்க்கம் கல்லெறியில் முடிந்தது. இரண்டு பக்கமும் காயம், வைத்தியசாலை. சிங்கள மாணவர் ஊருக்குப் போனார்கள். வளாகத்தை மூடிவிட்டுப் பிறகு திறந்தார்கள்.

என் எண்ணம் இது: அன்று உடைந்தது நடனத்தால் இல்லை. மேலே சொன்னபடி, முப்பது வருடம் ஒரே இனமாக இருந்த இடத்துக்கு நூற்றுக்கணக்கான புதுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கும் பழையவர்களுக்கும் இடையில் பேச ஒரு மொழி இருக்கவில்லை. விழா நடத்தும் பொறுப்பை மாணவர் கையில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஒதுங்கி இருந்தார்கள். அதற்குப் பிறகும் உரசல்கள் உண்டு, ஆனால் அன்றாட வாழ்க்கை வேறு மாதிரி ஓடுகிறது. என் கடையில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் கொப்பியைச் சிங்களப் பிள்ளை பிரதி எடுக்கும். ஓரத்தில் இரண்டு மொழியிலும் பென்சில் குறிப்பு இருக்கும். பரீட்சைக்கு முதல் வாரம் இந்தப் பிரதிகள்தான் எனக்கு வருமானம்.

படிக்கிற இடத்தில ஏன் இவ்வளவு அரசியல்?

அரசியல் இந்த இடத்தைத் தேடி வந்தது என்று சொல்லலாம். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிப்படை ஹெலிகொப்டர்களில் துருப்புகளை இறக்கியது இந்த வளாகத்தில்தான். 1989 செப்டெம்பர் 21 அன்று, எல்லாத் தரப்பின் மீறல்களையும் எழுதிய மருத்துவ பீட விரிவுரையாளர் ராஜனி திராணகம வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரும் அதைச் சுற்றிய ஊர்களும் சேர்ந்த வலிகாமம் முழுதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது ஆசிரியரும் மாணவரும் சனத்தோடு சனமாக நடந்தார்கள்.

2021 ஜனவரி 8 இரவு, வளாகத்துக்குள் இருந்த, 2009-இல் போரின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூபியை இடித்தார்கள். மாணவர் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், மூன்றாம் நாள் திரும்ப அடிக்கல் வைத்தார்கள். சிங்கள மாணவருக்கு அந்தத் தூபியைப் பார்த்து என்ன தோன்றும் என்று சிலர் கேட்கிறார்கள். ஒரே மாதிரித் தோன்றாது. அதே வளாகத்தில் உறவினரை அங்கே இழந்த பிள்ளைகளும் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் தெரிந்துகொள்ள வேறு எங்கே வாய்ப்பு?

கம்பஸால ஊருக்கு என்ன பிரயோசனம்? வாடகை ஏறினதுதான் மிச்சம்.

வாடகை ஏறியது உண்மை. ஆனால் அந்த வாடகையில் சீவிக்கும் வீடுகளையும் எண்ணுங்கள்: பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் தனியே இருக்கும் வயதானவர்கள், கணவனை இழந்த பெண்கள். சாப்பாட்டுக் கடை, சைக்கிள் திருத்துபவர், தையல், என் கடை எல்லாம் கம்பஸ் விடுமுறை விட்டால் வெறிச்சோடிவிடும்.

பெரிய பிரயோசனம் வைத்தியசாலை. மருத்துவ பீடம் இருப்பதால்தான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை என்ற தரத்தில் நிற்கிறது. போர்க் காலத்தில் வெளியே இருந்து வைத்தியர் வராதபோது இங்கே படித்தவர்களை வைத்துத்தான் வடக்கு தாக்குப்பிடித்தது. பள்ளிக்கூடங்களும் அப்படியே. வன்னியிலும் தீவகத்திலும் மலையகத்திலும் தமிழ்மொழிப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் இங்கே பட்டம் எடுத்தவர்கள் என்று. உரம் போட்டுப் போட்டு எங்கள் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதைப் பல வருடங்களாக அளந்து எழுதிவருபவர்களிலும் இந்தக் கம்பஸ் ஆய்வாளர்கள் உண்டு. தோட்டக்காரர் அதைக் கேட்டு உரத்தைக் குறைத்தார்களா என்பது வேறு கதை.

கிளிநொச்சி தனியாகச் சொல்ல வேண்டியது. விவசாய பீடம் 1990-இல் அங்கே தொடங்கிப் போரால் யாழ்ப்பாணத்துக்கு ஓடி வந்தது. போர் முடிந்த பின், இந்திய அரசாங்க உதவியும் சேர, ஏ9 வீதியோரம் அறிவியல்நகரில் பொறியியலும் விவசாயமும் எழுந்தன. 2009-இல் கூரை இல்லாமல் கிடந்த மாவட்டம் அது.

வவுனியாக் கம்பஸும் இதுக்குள்ளதானே?

இப்போது இல்லை. 2021 ஓகஸ்டில் இருந்து வவுனியாப் பல்கலைக்கழகம் தனி. விண்ணப்பத்தில் இரண்டையும் வேறாகப் போட வேண்டும்.

கிளிநொச்சியில போய்ப் பரீட்சை எடுத்தால் லேசாக் கிடைக்கும் எண்டு ரியூசன் சேர் சொன்னவர். செய்யலாமோ?

வெட்டுப்புள்ளி சில மாவட்டங்களில் குறைவு என்பதால் வரும் யோசனை இது. பரீட்சை எழுதும் இடத்தை வைத்து மாவட்டம் தீராது. அதற்கு முந்திய மூன்று வருடங்கள் எங்கே படித்தது என்று பார்ப்பார்கள். பொய்க் கடிதம் பிடிபட்டால் பதிவே போய்விடும். சட்டத்தை விடுங்கள். கிளிநொச்சிக்கு ஒதுக்கியது, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையில் படித்த பிள்ளைக்கு வைத்த இடம். யாழ்ப்பாண நகரில் மூன்று ரியூசன் போகும் பிள்ளை அதை எடுப்பது களவுதான்.

வடக்கில இருக்கிற கம்பஸை வடக்குப் பிள்ளையளுக்கே ஒதுக்கினால் என்ன?

கேட்க நல்லாயிருக்கும். ஆனால் யாழ்ப்பாணம் கதவைச் சாத்தினால் பேராதனை, கொழும்பு, மொறட்டுவைக் கதவுகளையும் அதே நியாயத்தில் சாத்தலாம். அந்தக் கதவுகளால் நுழைபவர்களில் எங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர். 1970-களில் எங்களுக்குச் செய்ததை நாங்களே கேட்டு வாங்கிக்கொள்வதாக முடியும்.

கேட்க வேண்டியது வேறு. எந்தக் கற்கைநெறி தொடங்குவது, எத்தனை இடம், எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் கொழும்பில் தீர்கிறது. கடலும் பனையும் வெங்காயமும் உள்ள மாகாணத்துக்குத் தேவையான படிப்பு எது என்று தீர்மானிப்பதில் இங்கே உள்ளவர்களுக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும். பிள்ளை எந்த ஊர் என்பதைவிட அந்தச் சண்டை முக்கியம்.

படிச்சு முடிச்சவை வெளிநாடு போகினம், மிச்சப்பேர் வேலை இல்லாமல் இருக்கினம். பிறகு என்ன?

இரண்டுமே நடக்கிறது, ஆனால் ஒரே ஆட்களுக்கு இல்லை. வெளியே போவது பெரும்பாலும் மருத்துவம், பொறியியல், கணினி. வேலைக்குக் காத்திருப்பது பெரும்பாலும் கலைப்பட்டதாரி. 2017-இல் யாழ்ப்பாணத்தில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரப் பந்தலில் இருந்து அரச வேலை கேட்டார்கள். அவர்களில் பெண்கள் கூட, சிலர் கைக்குழந்தையோடு. ஆசிரியர் வேலையைத் தவிர வேறு வழி தெரியாமல் நான்கு வருடம் படிப்பித்து அனுப்பியதில் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு.

கலைப்பீடத்துக்கு இடம் கிடைத்த பிள்ளையின் பெற்றோர் என்னிடம் கேட்டால், பட்டத்தோடு ஆங்கிலமும் கணினியும் இரண்டாம் வருடத்திலேயே பிடிக்கச் சொல்லுகிறேன். கூடவே, மற்றப் பீடங்களில் இருக்கும் சிங்களப் பிள்ளையிடம் சிங்களம் பழகச் சொல்லுகிறேன். அரச உத்தியோகத்தில் இரண்டாம் மொழித் தேர்ச்சி கேட்பார்கள். வெளியே அதற்குக் காசு கட்டிப் படிக்க வேண்டும், இங்கே ஒரு பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தால் போதும்.